புதுக்கூரைக்குச் சோலைவரி

காலை ஒன்பது மணி பத்து நிமிடத்துக்கு முதலில் கண்ணில் பட்டது ஒரு கறுப்புக் குடை. மழை இல்லை. குடையைப் பிடித்திருந்தவர் எங்கள் படலைக்கு வெளியே ஒழுங்கையில் நின்று, அதைப் பின்பக்கம் சாய்த்துவிட்டு, எங்கள் கூரையை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். கையிலிருந்த தாள் மட்டையில் எதையோ குறித்தார். அடுத்து முன்கதவைப் பார்த்துக் குறித்தார். பிறகு யன்னல்களை விரல் நீட்டி எண்ணத் தொடங்கினார்.

அம்மா குசினியிலிருந்து வந்து என் தோளுக்குப் பின்னால் நின்றார்.

"ஆர் அது?"

"தெரியேல்லை."

"வீட்டைப் பாத்து எழுதுறான். போன முறை வந்தவங்களும் எழுதிக்கொண்டுதானே வந்தவங்கள்."

போன முறை என்றால் கலவரம். அதற்கு மூன்று வருடங்களுக்கு முன், எண்பத்துமூன்று யூலை மாதத்தில், எந்த வீடு யாருடையது என்று தாளில் எழுதிக்கொண்டு வந்தவர்கள் எங்கள் வீட்டுக்குத் தீ வைத்துவிட்டுப் போனார்கள். ஒழுங்கையில் தமிழர் வீடு எங்களுடையது ஒன்றுதான். ஒரு வீட்டைக் கண்டுபிடிக்க அவ்வளவு எழுத்துவேலை தேவையில்லை. ஆனாலும் படலையில் நின்று தாளைச் சரிபார்த்த பிறகே உள்ளே நுழைந்தார்கள் என்று பார்த்தவர்கள் சொன்னார்கள். நாங்கள் மூன்று பேரும் அப்போது அகதி முகாமாக மாறியிருந்த ஒரு பாடசாலையில், ஏழாம் வகுப்பு அறையில் இருந்தோம்.

குடைக்காரரை அப்பா உள்ளே அழைத்தார். அப்பா கண்டியில் ஓர் அரசாங்கக் கந்தோரில் பிரதம லிகிதராக இருந்து ஓய்வு பெற்றவர். பிறந்தது யாழ்ப்பாணம். நம்பிக்கை வைத்திருந்தது கடிதப் போக்குவரத்தில். எரிந்த வீட்டுக்கு நட்டஈடு கேட்டு விண்ணப்பித்து, கிடைத்த தொகை போதாதென்று மேன்முறையீடு செய்து, அதை நினைவூட்டி மூன்று மாதத்துக்கொரு கடிதம் எழுதிக்கொண்டிருந்தார். ஒன்றுக்கும் பதில் வந்ததில்லை. ஆகவே மட்டையும் குடையுமாக, மரியாதையாகச் சிங்களம் பேசும் ஒரு மனிதர் வீட்டைப் பார்க்க வந்ததும், நட்டஈட்டு அலுவலகத்துக்குக் கடைசியில் கண் திறந்துவிட்டது என்று அப்பா முடிவு செய்தார். நீங்கள் எந்த அலுவலகம் என்று கேட்கவில்லை. கேட்பது மரியாதையில்லை என்று நினைத்திருக்க வேண்டும்.

அடுத்த அரை மணி நேரம் அப்பா அவருக்கு வீட்டைச் சுற்றிக் காட்டினார். அவ்வளவு உற்சாகமாக அவர் எங்கள் உறவினர்களுக்குக்கூட வீட்டைக் காட்டியதில்லை.

"கூரை முழுக்கப் புதிது. ஒரு கைமரம்கூடப் பழையதில்லை. கதவுகள் புதிது. யன்னல்கள் எல்லாம் புதிது. மின்சார வயர் புதிது, பாருங்கள், சுவிட்சும் புதிது. குளியலறைத் தொட்டி புதிது."

"ஓ, எல்லாமே புதிது" என்றார் குடைக்காரர். எழுதினார்.

"எல்லாம் என் சொந்தச் செலவில்" என்றார் அப்பா.

"மிகவும் நல்லது" என்றார் அவர். அதையும் எழுதினார்.

அம்மா தேத்தண்ணி கொடுத்தார். தட்டில் பிஸ்கட்டும் இருந்தது. அவர் போகும்போது அப்பா படலை வரை சென்று, "கொஞ்சம் விரைவாகப் பார்த்துச் செய்யுங்கள்" என்று கேட்டுக்கொண்டார்.

விரைவாகத்தான் செய்தார்கள். அடுத்த மாதமே மாநகர சபையிலிருந்து அறிவித்தல் வந்தது. வீட்டில் கணிசமான அபிவிருத்திகள் செய்யப்பட்டிருப்பதாகக் களப் பரிசோதனையில் தெரியவந்துள்ளதால், வீட்டின் வருடாந்தப் பெறுமதி உயர்த்தப்படுகிறது. வீட்டுக்காகச் சபைக்குக் கட்டும் சோலைவரி ஏறக்குறைய இரண்டு மடங்கு.

அம்மா அறிவித்தலை வாங்கிப் பார்த்தார். ஆங்கிலம் அவருக்கு மெதுவாகத்தான் வரும். ஆனால் இலக்கம் உடனே விளங்கும்.

"பிஸ்கட்டும் குடுத்தனான்" என்றார்.

வருடாந்தப் பெறுமதி என்றால் என்னவென்று அன்றிரவு அப்பா சட்டப் புத்தகத்தைப் பார்த்து விளக்கினார். அந்த வீட்டை வாடகைக்கு விட்டால், ஒரு நியாயமான வாடகைக்காரர் வருடத்துக்கு எவ்வளவு தருவார் என்று சபை நினைக்கிறதோ அதுதான் பெறுமதி. அதில் ஒரு பங்கு வரி. அந்த வாடகைக்காரரைப் பற்றி நான் அடிக்கடி யோசித்திருக்கிறேன். அவர் பத்திரிகை வாசிப்பதில்லை. யூலை மாதங்களில் ஊரில் இருப்பதில்லை. தமிழ் வீடொன்றுக்குள் குடிவர ஆசைப்பட்டு, கூடுதல் வாடகையைக் கையில் வைத்துக்கொண்டு கண்டி முழுக்க அலைந்துகொண்டிருக்கிறார். எங்களுக்குத் தெரிந்த மனிதர்களில் அப்படி ஒருவரும் இல்லை.

ஆட்சேபிக்க வழி இருந்தது. குறித்த காலத்துக்குள் எழுத்தில் ஆட்சேபனை கொடுத்து, ஆதாரம் சேர்த்து, விசாரணைக்குப் போகலாம். அப்பாவின் ஓய்வூதியம் புது வரியைத் தாங்காது. தாங்காவிட்டால் வீட்டை விற்க வேண்டும். விற்றுவிட்டு யாழ்ப்பாணம் போகலாமென்றால் அங்கே ஷெல் விழுந்துகொண்டிருந்தது. நான் அப்போது ஒரு பத்திரிகைக்குக் கண்டியிலிருந்து செய்தி அனுப்பிக்கொண்டிருந்தேன். வடக்கில் நிலைமை வழமைக்குத் திரும்பியது என்ற வசனத்தை அந்தப் பத்திரிகை வாரம் ஒரு முறையாவது அச்சிடும். அதை வாசித்து யாரும் வடக்குக்குப் பெட்டி கட்டியதாகத் தகவல் இல்லை.

அப்பா ஒரு புதுக்கோப்பு திறந்தார். இளஞ்சிவப்பு மட்டை. அதற்குப் பக்கத்தில் ஏற்கெனவே ஒரு நீல மட்டை இருந்தது. அது நட்டஈட்டு மேன்முறையீடு. நீலக் கோப்பில் எங்கள் வீடு முதிரைக் கதவும் தேக்கு நிலையும் மெருகிட்ட தரையும் கொண்ட, நகரின் சிறந்த சுற்றாடலில் அமைந்த முதல் தர இல்லம். இளஞ்சிவப்புக் கோப்பில் அதே வீடு, பஸ் போகாத ஒழுங்கையில், மழைக்கு ஒழுகும், மலிவான கூரைச் சீற் போட்ட கட்டடம். இரண்டையும் திருத்திக் கொடுப்பது என் வேலை. ஒன்றில் அடைமொழிகளைக் குறைத்தேன், மற்றதில் கூட்டினேன். இரண்டிலும் பொய் இல்லை என்றே அப்போது நினைத்தேன். ஒன்று எரிவதற்கு முன் இருந்த வீடு, மற்றது எரிந்த பின் இருந்த வீடு. ஆனால் நடுவில் நடந்ததை எழுத இரண்டு படிவங்களிலும் இடம் விடப்பட்டிருக்கவில்லை.

முதலில் வேண்டியிருந்தது அயல்வீடுகளின் வரி விபரம். ஒழுங்கையின் தலைப்பில் இரண்டு மாடி வீடு ஒன்று இருந்தது. சொந்தக்காரர் ஓய்வுபெற்ற பாடசாலை அதிபர். சிங்களவர், நல்ல மனிதர் என்று எல்லோரும் சொல்வார்கள். அவரே முதலில் சொல்வார். அவருடைய வரி எங்கள் புது வரியை விடக் குறைவு என்று தபால்காரர் மூலம் தெரியவந்தது. வரித் துண்டைப் பார்க்கலாமா என்று கேட்க அப்பாவும் நானும் போனோம்.

மேல்மாடி விறாந்தையில் கதிரை போட்டுத் தேநீர் தந்தார். துண்டு மட்டும் தரவில்லை.

"அதெல்லாம் மனைவிதான் வைத்திருக்கிறாள். அவள் மகளுடைய வீட்டுக்குப் போயிருக்கிறாள்" என்றார். உள்ளே மனைவி யாரையோ அதட்டிக்கொண்டிருந்தது கேட்டது.

"எதற்காக மிஸ்டர், ஆட்சேபனை? பெறுமதி கூடினால் நமக்கு நல்லதுதானே. இந்த ஒழுங்கைக்கு மதிப்பு ஏறுகிறது. ஏன்? அமைதியான இடம். இங்கே ஒரு பிரச்சினையும் நடந்ததில்லை."

அப்பா தேநீரைக் கீழே வைத்தார். விறாந்தையிலிருந்து பார்த்தால் எங்கள் வீடு நேரே கீழே தெரியும்.

"இங்கேயிருந்து எங்கள் கூரை நன்றாகத் தெரிகிறது" என்றார் அப்பா.

"தெரியும். முன்பிருந்ததை விட இப்போது எடுப்பாக இருக்கிறது" என்றார் அதிபர்.

அடுத்த ஆதாரம் கூரை சீற் வாங்கிய பில். கூரை மலிவானது என்று காட்ட வேண்டும். பழைய ஓட்டுக்குப் பதிலாக நாங்கள் போட்டது அஸ்பெஸ்டஸ் சீற். அதைத் தந்தவர் எங்களுக்கு நீண்ட காலம் பழக்கமான, அலவத்துகொடயைச் சேர்ந்த ஒரு முஸ்லிம் வியாபாரி. கெலிஓயாவில் இரும்புச் சாமான் கடை வைத்திருந்தார். நாங்கள் எல்லோரும் அவரை நானா என்போம். கலவரத்துக்குப் பிறகு கடனுக்குச் சாமான் தந்த ஒரே ஆள் அவர்தான். குட்ஷெட் பஸ் நிலையத்தில் ஏறி, வழியில் ஒரு சோதனைச் சாவடியில் இறங்கி அடையாள அட்டை காட்டி, மீண்டும் ஏறிப் போய்ச் சேர்ந்தோம்.

"வாங்க ஐயா, வாங்க. தம்பியும் வந்தீக்கிதா? இரிங்க. என்ன, மறுபடியும் கூரையா?" என்றார். சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்குத் தட்டியது. "அல்லாவே, அப்பிடி ஒண்டும் ஈக்காது" என்று அவசரமாகச் சேர்த்துக்கொண்டார்.

அப்பா பில்லின் பிரதி வேண்டும் என்றார்.

"எந்த பில்லு ஐயா? நட்டஈட்டுக்கு எழுதின பில்லா?"

"அதுக்கு வேறை பில்லோ?"

"ஐயா நீங்க கேக்கல்ல. நானாத்தான் கொஞ்சம் கூட்டி எழுதினன். அரசாங்கம் எப்பிடியும் பாதிதான் தரும், அப்ப ரெண்டு மடங்கு போட்டாத்தானே முழுசும் வரும். அதுல உங்கட கூரை முதல் தரச் சீற்."

அப்பாவின் முகம் சிவந்தது. நீலக் கோப்பில் இருந்த ஒரே பொய் அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது.

"இப்ப வரிக்கா? அதுக்குக் கொறச்சி எழுதலாம். மூணாந்தரம் போடுவமா?" என்றார் நானா, பில் புத்தகத்தை இழுத்துக்கொண்டு.

"எனக்குச் சரியான விலை போட்ட பில் போதும்."

நானா பேனையைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "சரியான விலைக்கும் எழுதலாம் தம்பி. ஆனா அத எந்தக் கந்தோருக்குக் குடுக்கப் போறீங்க?"

சரியான விலைக்கே எழுதிக் கொடுத்தார். கொடுக்கும்போது, "இத ஃப்ரேம் போட்டு ஊட்டுல மாட்டுங்க ஐயா, வேற ஒண்டுக்கும் ஒதவாது" என்றார். அந்தப் பில்லை விசாரணையில் யாரும் திறந்தும் பார்க்கவில்லை.

மூன்றாவதாக, கூரை மாற்றியது அழகுக்காக அல்ல என்று நிரூபிக்க வேண்டும். வீடு எரிந்தது என்பதற்குப் பொலிஸ் முறைப்பாட்டின் பிரதி எடுத்தோம். எடுப்பதற்கு நான்கு தடவை போனோம். கிடைத்ததில், வீட்டில் ஆளில்லாத நேரத்தில் குசினிப் பக்கமாகத் தீ ஏற்பட்டுப் பரவியதாக இருந்தது. யார், ஏன் என்பதெல்லாம் இல்லை. செய்தி எழுதுகிறவன் என்ற முறையில் அந்த வசனத்தை நான் மெச்சினேன். அதில் தீ தானாகவே வந்து தானாகவே போயிருந்தது.

அம்மாவுக்கு அதை வாசித்துக் காட்டினேன்.

"குசினியோ? நாலு நாளா நான் அந்த அடுப்பே மூட்டேல்லை. முகாமில அல்லோ பருப்புக் கறிக்கு வரிசையில நிண்டனான். நல்லா விசாரிச்சு எழுதியிருக்கிறாங்கள்."

ஆட்சேபனை கிடைத்ததும் சபை மீண்டும் ஒரு பரிசோதனைக்கு நாள் குறித்தது. அதே குடைக்காரர் வந்தார். இந்த முறை அவர் யாரென்று எங்களுக்குத் தெரியும், தேத்தண்ணி போடப்படவில்லை. வீட்டின் குறைகளைக் காட்டினோம். ஒழுகும் இடத்தில் அம்மா வாளியை எடுக்காமல் விட்டிருந்தார். மழை பெய்து ஒரு வாரமாகியிருந்ததால் வாளி காய்ந்துபோய் நின்றது. அவர் வாளியைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார், எதுவும் எழுதவில்லை.

பிறகு அப்பாவும் நானும் நடு அறையின் அலுமாரியை இழுத்தோம். கலவரத்துக்குப் பின் வெள்ளையடித்தபோது கடைசிச் சுவருக்கு வந்ததும் சுண்ணாம்பு முடிந்துபோனது. மேலும் வாங்கக் காசில்லை. அம்மா அலுமாரியை அந்தச் சுவருக்கு முன்னால் நகர்த்திவிட்டார். அன்று முதல் அது அங்கேயே நின்றது. இழுத்ததும் பின்னால் முழுச் சுவரும் கறுப்பாக, கரி படிந்து, மேலே கைமரம் இருந்த இடத்தில் வெடித்துப்போய்த் தெரிந்தது. மூன்று வருடங்களுக்குப் பிறகும் மணம் இருந்தது.

குடைக்காரர் நெடுநேரம் பார்த்தார். விரலால் தொட்டார். விரலைப் பார்த்துவிட்டுக் கைக்குட்டையில் துடைத்தார். பிறகு மட்டையில் எழுதியதை நான் தோளுக்கு மேலால் வாசித்தேன். ஒரு சுவர் வெள்ளையடிக்கப்பட வேண்டியுள்ளது.

போகும்போது படலையில் நின்று, குரலைத் தாழ்த்தி அப்பாவிடம் சொன்னார். "சுவரையும் வாளியையும் அவர்கள் பார்க்க மாட்டார்கள், மாத்தயா. அரசாங்க மதிப்பீட்டாளர் யாராவது இந்த வீடு குறைந்த பெறுமதி என்று எழுதிய கடிதம் ஏதும் இருந்தால் கொண்டு வாருங்கள். அரசாங்கக் கடிதத்தை மட்டும்தான் அவர்கள் நம்புவார்கள்."

அப்படி ஒரு கடிதம் இருந்தது. நீலக் கோப்பில். நட்டஈட்டைக் குறைத்ததற்குக் காரணம் காட்டி நட்டஈட்டு அலுவலகம் அனுப்பியது. கட்டடம் பழையது. சுவரின் ஒரு பகுதி மண். கதவுகள் சாதாரண மரம். தரை வெடித்தது. சுற்றாடலில் வீடு வாங்குவோர் இல்லை. எரியும்போது அந்த வீட்டுக்குப் பெரிய மதிப்பு இருக்கவில்லை என்பது அதன் சாரம். மேன்முறையீடு முழுவதும் அந்தக் கடிதத்தின் ஒவ்வொரு வரியையும் மறுத்து அப்பா எழுதியதுதான்.

மத்தியானச் சாப்பாட்டில் அம்மா பேச்சைத் தொடங்கினார்.

"இஞ்சருங்கோ, அந்தக் கடிதத்தைக் கொண்டு போங்கோ."

"கொண்டு போகேலாது."

"ஏன்?"

"அதைக் குடுத்தா அவங்கள் எழுதினது சரியெண்டு நானே ஒப்புக்கொண்டதா முடியும். எங்கட முதிரைக் கதவைச் சாதாரண மரம் எண்டு எழுதியிருக்கிறான். நான் ஓம் எண்டு சொல்லுறதோ?"

"கதவு எங்கை இப்ப? சொல்லுங்கோ, கதவு எங்கை?"

அப்பா சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தார்.

"உங்கட நீல மட்டையில இருக்கிற மாளிகையில நான் ஒரு நாளும் குடியிருக்கேல்லை" என்றார் அம்மா. "வரி வாறது மற்ற மட்டையில இருக்கிற மாட்டுக்கொட்டிலுக்கு. அதுக்கு வழியைப் பாருங்கோ."

"அது என்ர வீடு. என்ன பெறுமதி எண்டு எனக்குத் தெரியும்."

"தெரிஞ்சு? உங்களுக்கும் எனக்கும் தெரிஞ்சா போதாதோ? அவங்களுக்கும் தெரியவேணுமோ?"

அப்பா கை கழுவ எழுந்தார். விசாரணை நாளன்று காலை, இரண்டு கோப்புகளையும் பைக்குள் வைத்தார்.

நகர மண்டபத்தில் மூன்று பேர் ஒரு நீண்ட மேசைக்குப் பின்னால் இருந்தார்கள். நடுவில் இருந்தவர்தான் பேசினார்.

"உங்கள் கூரை புதியதா, இல்லையா?"

"புதியது" என்றார் அப்பா.

"கதவுகள்?"

"புதியவை."

"அப்படியென்றால் ஆட்சேபனை எதற்கு? பழையதையே வைத்திருந்தால் வரி கூடியிருக்காதே. ஏன் மாற்றினீர்கள்?"

"பழையது இல்லாமல் போய்விட்டது."

"எப்படி இல்லாமல் போனது?"

அப்பா பொலிஸ் பிரதியைக் கொடுத்தார். நடுவில் இருந்தவர் வாசித்து, பக்கத்தில் இருந்தவருக்குக் காட்டினார்.

"குசினியில் தீ. வீட்டில் ஆளில்லை. அடுப்பை அணைக்காமல் போயிருக்கிறீர்கள். அதற்குச் சபை பொறுப்பில்லை அல்லவா?"

மூன்று பேரும் எங்களைப் பார்த்தார்கள். அந்த மண்டபத்தில் யூலை மாதம் என்ன நடந்தது என்று தெரியாத ஒருவரும் இருக்கவில்லை, கதவருகே குடையோடு நின்றவர் உட்பட.

"வேறு ஆதாரம் ஏதும்?"

அப்பா பையைத் திறந்தார். நீல மட்டையை எடுத்து, அந்தக் கடிதத்தைக் கழற்றினார். கொடுக்கவில்லை. தானே எழுந்து நின்று வாசித்தார். முப்பது வருடம் மற்றவர்களுடைய கடிதங்களை வாசித்த குரல் அது, எந்த வசனத்திலும் ஏறவுமில்லை இறங்கவுமில்லை. கட்டடம் பழையது என்று வாசித்தார். சுவரின் ஒரு பகுதி மண் என்று வாசித்தார். கதவுகள் என்ற இடத்தில் ஒரு கணம் நிறுத்தி, கண்ணாடியைச் சரிசெய்து, சாதாரண மரம் என்று வாசித்தார். சுற்றாடலில் வீடு வாங்குவோர் இல்லை என்பது வரை வாசித்து முடித்து, கடிதத்தை மேசையில் வைத்தார்.

நடுவில் இருந்தவருக்கு மகிழ்ச்சி. "இதை முதலிலேயே கொண்டு வந்திருக்கலாமே. இது நல்ல ஆதாரம்" என்றார். "இதில் எழுதியிருப்பதை நீங்கள் ஏற்றுக்கொள்கிறீர்கள், அப்படித்தானே?"

அப்பா என்னைப் பார்க்கவில்லை.

"வாசித்தேன்தானே" என்றார்.

"ஏற்றுக்கொள்கிறார்" என்று நடுவில் இருந்தவர் ஓரத்தில் குறிப்பெழுதிக்கொண்டிருந்தவருக்குச் சொன்னார்.

வரி, பழைய தொகையை விடக் கொஞ்சம் கூடுதலான ஒரு தொகைக்கு இறக்கப்பட்டது. அம்மா அன்று பாயாசம் வைத்தார். கஜு போதாதென்று குறைபட்டுக்கொண்டார்.

சபை, நடைமுறைப்படி, அந்தக் கடிதம் உண்மையானதா என்று நட்டஈட்டு அலுவலகத்திடம் கேட்டு எழுதியிருந்தது. எங்கள் நினைவூட்டல் கடிதம் ஒன்றுக்கும் பதில் போடாத அலுவலகம் அதற்கு உடனே பதில் போட்டது. கையோடு எங்களுக்கும் ஒன்று. மேன்முறையீட்டாளர் எமது மதிப்பீட்டைச் சரியென ஏற்று வேறோர் அரச நிறுவனத்தின் முன் சமர்ப்பித்திருப்பதால், அவரது மேன்முறையீடு நிராகரிக்கப்படுகிறது.

அப்பா அதை நீலக் கோப்பில் குத்தி, கோப்பை மூடி, நாடாவைக் கட்டி, அலுமாரியின் மேல் தட்டில் வைத்தார். அலுமாரி மீண்டும் பழைய சுவரோடு நின்றது.

சோலைவரியை ஜனவரி முடிவதற்குள் முழு வருடத்துக்கும் சேர்த்துக் கட்டினால் சபை வரியில் ஒரு கழிவு தரும். அப்பா இரண்டாம் வாரமே போய்க் கட்டினார்.